கடலோரச் சென்னை மொட்டை மாடியில் 11 டன் டக்டபிள் ஏசி: பல வருட ஓட்டத்தில் தெரிவது

சூப்பர் மார்க்கெட்டோ ஜவுளிக்கடையோ கல்யாண மண்டபமோ, டக்டபிள் ஏசி (குழாய் வழியே கூடம் முழுக்கக் குளிர்காற்று அனுப்புவது) ஓடும் இடத்தில் கரண்ட் பில் ஏறியதும் முதலில் எழும் பேச்சு ஒன்றுதான்: “கேஸ் கம்மியா இருக்கும், டாப்-அப் பண்ணிடலாம்.” இந்தப் பழக்கத்தை முதலில் விட வேண்டும். மூடிய குழாய்க்குள் சுற்றும் கேஸ் தானாகக் குறையாது. குறைந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் நிரப்புவது வீண். கேஸ் சரியாக இருக்கும் யூனிட்டில் மேலும் ஏற்றினால் ஹெட் பிரஷர் (கம்ப்ரசரிலிருந்து வெளிவரும் கேஸின் அழுத்தம்) கூடி, பில் இன்னும் ஏறும். மாடியில் நிற்கும் யூனிட்டில் மின்சாரத்தை வீணாக விழுங்குவது பெரும்பாலும் காற்றோட்டக் குறைதான்.

ஆர்-410ஏ என்ற கேஸ் ஓடும் யூனிட்டில் இதைக் கேஜிலேயே (அழுத்தமானி) படிக்கலாம். கேஸின் சூட்டை வெளியேற்றும் வெளி யூனிட் காயில் சுத்தமாக இருந்தால், கேஸ் திரவமாகும் வெப்பநிலை வெளிக்காற்றைவிட ஏறக்குறைய 15 டிகிரி அதிகம் இருக்கும். 35 டிகிரி வெயிலில் அது 50 டிகிரி. கேஜில் சுமார் 430 பி.எஸ்.ஐ. அதே வெயிலில் முள் 480-ஐத் தாண்டினால் 55 டிகிரி ஆகிவிட்டது என்று பொருள். ஒவ்வொரு டிகிரிக்கும் கம்ப்ரசர் இழுக்கும் மின்சாரம் தோராயமாக 2 முதல் 3 சதவீதம் கூடும். அந்த 5 டிகிரிக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடலாம்.

காரணத்தைத் தேடும்போது முதலில் காயிலைப் பாருங்கள், அடுத்து யூனிட் நிற்கும் இடத்தை. வெயில் படக்கூடாதென்று தலைக்கு மேல் தகரக் கூரை போடுகிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் மேல்நோக்கி வரும் சூடான காற்று தகரத்தில் மோதித் திரும்பி, மறுபடி காயிலுக்குள்ளேயே போகிறது. கைப்பிடிச் சுவரை ஒட்டி வைத்தாலும், நாலு யூனிட்டை நெருக்கி நிறுத்தினாலும் இதே கதி. சோதிப்பது எளிது: நிழலில் ஒரு வெப்பமானி, காயிலுக்குள் காற்று நுழையும் இடத்தில் ஒன்று. உள்ளே நுழையும் காற்று 3 டிகிரி அதிகமாக இருந்தால் காற்று சுற்றித் திரும்புகிறது. காற்று இழுக்கும் பக்கத்தில் ஒரு மீட்டராவது இடைவெளி விட்டு, தலைக்கு மேல் திறந்தே வையுங்கள். கத்திரி வெயிலில் ஹை பிரஷர் டிரிப் ஆகும் (அழுத்தம் கூடித் தானாக நின்றுவிடும்) யூனிட்களில் பல இந்தத் திருத்தத்திலேயே அடங்கிவிடும்.

கடற்காற்று வேறு விதமாகத் தாக்கும். காயிலின் செம்புக் குழாயும் அலுமினிய ஃபின்னும் (மெல்லிய தகடு) தொடும் இடத்தில் உப்பு ஈரம் படிந்தால் அலுமினியம் அரிக்கப்படும். ஆகவே கடலோரத்தில் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் அலசுவது கட்டாயம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுக் கழுவல். மெயினை அணைத்துப் பூட்டுங்கள். மேல் கிரில்லை ஃபேனோடு தூக்கிச் சாய்த்து வைத்து, மோட்டாரையும் எலக்ட்ரிக் பாக்ஸையும் பாலிதீனால் மூடுங்கள். காரமோ அமிலமோ இல்லாத சோப்புக் கரைசலைத் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, உள்ளிருந்து வெளியே தண்ணீர் அடியுங்கள். வெளியிலிருந்து அடித்தால் அழுக்கு காயிலின் நடுவில் போய் இறுகும். பிரஷர் கன் ஃபின்னை மடித்துவிடும். சாதாரண ஹோஸ் போதும். நுரைத்துப் பொங்கும் அமிலக் கெமிக்கலில் காயில் பளபளக்கும், உண்மைதான். கரைந்து போவது அழுக்கு மட்டுமல்ல, அலுமினியமும்.

இனி உள் யூனிட். குளிர்விக்கும் திறனில் ஒரு டன்னுக்கு 350 முதல் 400 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) காற்று ஓட வேண்டும். ஃபில்டர் அடைத்தால் சக்ஷன் பிரஷர் (கம்ப்ரசருக்குத் திரும்பும் கேஸின் அழுத்தம்) இறங்கி, உள் காயிலில் ஐஸ் கட்டும். பார்ப்பதற்கு இதுவும் கேஸ் குறைவு போலவே தெரியும் என்பதால்தான் இத்தனை வீண் டாப்-அப். புளோயர் பெல்ட்டை நடுவில் அழுத்தினால், புள்ளிகளுக்கு இடையே 500 மில்லிமீட்டர் இருந்தால் சுமார் 8 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். அதற்கு மேல் இறங்கினால் வழுக்கும். குறைவாக இருந்தால் பேரிங் போகும். டிரெயின் குழாயில் யூ-டிராப் (தண்ணீர் தேங்கும் யூ வடிவ வளைவு) இல்லாவிட்டால் உறிஞ்சும் காற்று தண்ணீரை டிரேயிலேயே நிறுத்தி, ஃபால்ஸ் சீலிங்கில் சொட்ட வைக்கும்.

மாடியில் ஓடும் சக்ஷன் குழாயின் ரப்பர் இன்சுலேஷன் வெயிலில் வெடிக்கும், காக்கையும் கொத்தும். அலுமினியத் தகடு போர்த்தினால் இரண்டிலிருந்தும் தப்பும்.

யூனிட் உண்மையில் எவ்வளவு குளிர்விக்கிறது என்று வருடத்துக்கு இரண்டு முறை அளந்து பாருங்கள். அறையிலிருந்து திரும்பும் ரிட்டர்ன் காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலை (ஈரத் துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது) 19 டிகிரி, குளிர்ந்து போகும் சப்ளையில் 13.5 டிகிரி, காற்று 3,800 சி.எஃப்.எம். என்றால் கிடைப்பது சுமார் 9.9 டன். அப்போது மீட்டரில் 12.5 கிலோவாட் ஓடினால், டன்னுக்கு 1.26 கிலோவாட், நல்ல நிலை. அதே யூனிட் 1.6-ஐ நெருங்கினால் மேலே சொன்ன ஒவ்வொன்றையும் மறுபடி பாருங்கள். இந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதாமல் சர்வீஸ் பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள்.

வோல்டேஜையும் அப்போதே மூன்று ஃபேஸிலும் பாருங்கள். சராசரியிலிருந்து விலகல் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 3 சதவீதமானால் மோட்டார் சுருளின் சூடு ஏறக்குறைய 18 சதவீதம் கூடும். மோட்டாரை ஆன்-ஆஃப் செய்யும் கான்டாக்டரின் முனை கருகியிருந்தால் தேய்க்காமல் மாற்றிவிடுங்கள்.

தெர்மோஸ்டாட்டை 24-இல் வையுங்கள். வெளிக்காற்றை அப்படியே உள்ளே விட்டுக் குளிர்விக்கும் எகானமைசர் குளிர்நாடுகளில் நன்கு உதவும். சென்னையின் ஈரக் காற்றுக்கு அது வருடத்தில் பெரும்பகுதி பயன்படாது. ஃப்ரெஷ் ஏர் டேம்பரை (வெளிக்காற்று வரும் வழியின் மடல்) ஆட்களுக்குத் தேவையான அளவுக்கு மட்டும் திறந்து வைத்தால் போதும்.

விரலால் தொட்டதும் ஃபின் பொடியாக உதிர்ந்தால், அதற்குமேல் கழுவிப் பயனில்லை. கம்ப்ரசர் போகும்வரை காத்திராமல் காயிலை மாற்றுங்கள். இந்த முறை எபாக்சி (அரிப்பைத் தடுக்கும் பூச்சு) பூசியதைக் கேளுங்கள், கோடைக்கு முன்பே, ஜனவரியிலேயே ஆர்டரைக் கொடுங்கள்.