கூத்து மேடை இரைச்சல்: வயரை மாற்றுவதா, எர்த்தைப் பிரிப்பதா, ஐசியை மாற்றுவதா?

பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் தெருக்கூத்து விடியும்வரை நடக்கும். கட்டியங்காரன் பேச்சை நிறுத்தும் கணத்தில் ஸ்பீக்கர் 'ஊம்' என்று முனகினால், மைக் செட்காரர்கள் பலர் முதலில் கை வைப்பது ஆம்பிளிஃபயரில்தான். கோளாறு பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை.

மைக் வயரை மிக்ஸரிலிருந்து கழற்றிப் பாருங்கள். முனகல் நின்றுவிட்டால் வயர் வழியாக வருகிறது. நிற்காமல் 100 ஹெர்ட்ஸில் கரகரத்தால், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயருக்கு அடுத்துள்ள ஃபில்டர் கெபாசிட்டர் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்; அதை மாற்றினால் போதும்.

வயரில்தான் உண்மையான போட்டி. மோனோ ஜாக் பூட்டிய ஒற்றைக் கம்பி ஷீல்டு வயர் (கம்பியைச் சுற்றி உலோகக் கவசம் உள்ளது) மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். டைனமிக் மைக் தருவது ஓரிரு மில்லிவோல்ட் மட்டுமே. பக்கத்தில் சீரியல் விளக்கு வயரோ ஜெனரேட்டர் வயரோ ஓடினால், அதன் 50 ஹெர்ட்ஸ் இந்தச் சிறு சிக்னலோடு கலந்துவிடும். கலந்தபின் பிரிக்க வழியில்லை. ஃபில்டர் போட்டு வெட்டினால் மிருதங்கத்தின் அடித்தொனியும் சேர்ந்து போகும்.

மூன்று முனை எக்ஸ்எல்ஆர் பூட்டிய பேலன்ஸ்டு வயரில், முறுக்கிய இரண்டு கம்பிகளிலும் இரைச்சல் ஒரே அளவில் ஏறுகிறது. மிக்ஸர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் அது கழிந்துவிடுகிறது. எவ்வளவு கழியும் என்பது உள்ளீட்டு ரெசிஸ்டர்களின் பொருத்தத்தைப் பொறுத்தது. நான்கு ரெசிஸ்டர் கொண்ட சாதாரண வித்தியாச ஆம்பிளிஃபயரில், மதிப்பு 1 சதவீதம் வரை விலகக்கூடிய வகை போட்டால் மோசமான நிலையில் இரைச்சல் 50இல் ஒரு பங்காகும், 0.1 சதவீத வகையில் 500இல் ஒரு பங்கு. மேடைக்கும் மிக்ஸருக்கும் பத்து மீட்டருக்கு மேல் தூரம் என்றால் பேலன்ஸ்டு தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டில் இரண்டு மீட்டர் வயருக்கு மோனோ ஜாக்கே போதும்.

கீபோர்டு ஓரிடத்திலும் ஆம்பிளிஃபயர் வேறிடத்திலும் எர்த் ஆகியிருந்தால், ஷீல்டு வழியே மின்னோட்டம் சுற்றி முனகல் எழும். இதற்கு ஒரு குறுக்கு வழி ஊரெங்கும் வழக்கத்தில் இருக்கிறது: பிளக்கில் எர்த் கம்பியை வெட்டிவிடுவது. முனகல் நின்றுவிடும், உண்மைதான். ஆனால் இன்சுலேஷன் பழுதானால் கருவியின் உடலில் 230 வோல்ட் ஏறும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று மைக்கைப் பிடித்துப் பாடுபவரின் உயிர் போகும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அதற்குப் பதில் இடையில் பூட்டும் 1:1 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் சிக்னலைக் காந்தப்புலம் வழியாகக் கடத்தி, சுற்றும் பாதையை மட்டும் துண்டிக்கிறது. மலிவான டிரான்ஸ்ஃபார்மர் தாழ்ந்த ஒலியில் கொஞ்சம் சிதைக்கும். அந்தச் சிதைவை நான் மனமார ஏற்றுக்கொள்வேன்.

'உஸ்' என்ற சீறல் வேறு வகை. ரெசிஸ்டருக்குள் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் அலைவதால் அது பிறக்கிறது. இங்கேதான் சிக்னலைப் பெருக்கும் ஐசியின் தேர்வுக்கு வேலை. என்இ5532, டிஎல்072 இரண்டும் அப்படிப்பட்ட ஐசிகள். என்இ5532-இன் மின்னழுத்த இரைச்சல் ரூட் ஹெர்ட்ஸுக்குச் (இரைச்சலை அளக்கும் அலகு; எண் குறைவாக இருந்தால் நல்லது) சுமார் 5 நானோவோல்ட்; டிஎல்072-க்குச் சுமார் 18. மைக் போன்ற சில நூறு ஓம் மூலத்துக்கு 5532 தெளிவாக வெல்கிறது. வாத்தியத்தில் ஒட்டி அதிர்வைச் சிக்னலாக்கும் பீசோ பிக்கப்பு அதிக ஓம் கொண்ட மூலம்; அதற்கு முடிவு தலைகீழ். 5532-இன் மின்னோட்ட இரைச்சல் ரூட் ஹெர்ட்ஸுக்குச் சுமார் 0.7 பிகோஆம்பியர், அது 1,00,000 ஓமில் பாய்ந்தால் 70 நானோவோல்ட் ஆகிவிடும். டிஎல்072-இல் அந்தப் பங்கு மிகச் சொற்பம். ஆகவே "5532 தான் உயர்ந்தது" என்று கடையில் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம்.

இரண்டுக்கும் எட்டுக் கால்களின் வரிசை ஒன்றுதான்; சாக்கெட் போட்டு வைத்தால் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம். 5532 கூடுதல் மின்னோட்டம் இழுக்கும் என்பதால், பேட்டரியில் ஓடும் சிறு பெட்டிகளில் அதைப் பொருத்துமுன் சப்ளை தாங்குமா என்று அளந்துவிடுங்கள்.