யூனோஸ் ரோட்ஸ்டரும் ஹோண்டா எஸ்2000 காரும்: இரண்டையும் ஓட்டிய ஆண்டுகள்

ஜப்பானின் கனகாவா மாகாணத்தில், ஒடவாரா அருகே வசிக்கிறேன். 1990இல் தயாரான, மாஸ்டாவின் யூனோஸ் ரோட்ஸ்டர் ஒன்பது ஆண்டுகளாகவும், 2000இல் தயாரான ஹோண்டா எஸ்2000 ஆறு ஆண்டுகளாகவும் என்னிடம் இருக்கின்றன. இரண்டுமே இருவர் மட்டும் அமரக்கூடிய, கூரையை மடக்கக்கூடிய, பின்சக்கரங்களால் இயங்கும் கார்கள்.

எண்களை மட்டும் பார்த்தால் போட்டிக்கே இடமில்லை. மாஸ்டா 1989இல் வெளியிட்ட ரோட்ஸ்டரின் 1.6 லிட்டர் எஞ்சின் 120 குதிரைத்திறன் தருகிறது. ஹோண்டா தனது ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி உருவாக்கி 1999இல் விற்பனைக்குக் கொண்டுவந்த எஸ்2000, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்திச் செலுத்தும் டர்போவின் துணையில்லாமலே 1,997 சிசியிலிருந்து 250 குதிரைத்திறனை எடுத்து, 9,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 9,000 சுழற்சிகள்) வரை சுழல்கிறது.

ஆனால் ஹகோனே மலைச்சாலையில் கணக்கு மாறுகிறது. எஸ்2000 எஞ்சின் 6,000 ஆர்பிஎம்மை நெருங்கும்போதுதான் வால்வுகளின் இயக்கம் மாறி, அதன் குரல் ஓர் அலறலாக உயரும். அந்தக் கணத்துக்காகவே இந்தக் காரை வாங்கலாம். எனினும் அப்போது இரண்டாம் கியரிலேயே வேகம் 70 கிலோமீட்டரைத் தாண்டிவிடுகிறது. சாதாரணச் சாலைகளிலோ பொது வரம்பே 60தான். 940 கிலோ எடையுள்ள ரோட்ஸ்டரில் அந்த வரம்புக்குள்ளேயே காரின் முழுத் திறனையும் பயன்படுத்தி ஓட்டிவிட முடிகிறது. கியர்பெட்டியையும், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலையும் ஓர் அலுமினியச் சட்டம் இணைத்திருப்பதால், ஆக்ஸிலரேட்டரில் வைத்த கால் அசைந்தவுடன் பின்சக்கரங்கள் பதில் சொல்கின்றன. கியர் மாற்ற மணிக்கட்டின் அசைவே போதும்.

எஸ்2000 காரின் கூரை, கொக்கிகளை விடுவித்துப் பொத்தானை அழுத்தினால் தானாக மடங்கும். ரோட்ஸ்டரில் பின்பக்கப் பிளாஸ்டிக் ஜன்னலின் ஜிப்பைத் திறந்து, அதைத் தட்டையாகப் படுக்க வைத்த பிறகே கூரையைக் கையால் மடக்க வேண்டும். ஒரு ஜனவரிக் காலையில் அவசரத்தில் ஜிப்பைத் திறக்காமல் மடக்கினேன். குளிரில் விறைத்திருந்த பிளாஸ்டிக்கில் விழுந்த வெள்ளைக் கோடு இன்னும் மறையவில்லை.

துருவைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ரோட்ஸ்டரின் கூரையில் விழும் மழைநீர், இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள வடிகுழாய்கள் வழியே இறங்குகிறது. அவற்றை நான் மூன்று ஆண்டுகள் சுத்தம் செய்யாமல் விட்டதால் நீர் தேங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் கதவுக்குக் கீழுள்ள தகடு அரித்துப்போனது. வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைக்க வேண்டியதாயிற்று. வாங்க நினைப்பவர்கள் பெயின்ட்டின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் குனிந்து அந்த இடத்தைப் பாருங்கள்.

ஆண்டு வரியில் வேறுபாடில்லை. இரண்டும் 1.5 முதல் 2 லிட்டர் வரையிலான பிரிவில் வருவதால், பழைய கார்களுக்கான கூடுதல் வரியும் சேர்ந்து தலா 45,400 யென் கட்டுகிறேன். வேறுபாடு மனத்தில்தான். முதல் தலைமுறை ரோட்ஸ்டருக்கு மாஸ்டாவே மறுசீரமைப்புச் சேவை நடத்துவதோடு, கூரைத்துணி முதலிய பாகங்களை மீண்டும் தயாரித்தும் தருகிறது. அதனால் தேயுமே என்ற பயமின்றி ஓட்டுகிறேன். எஸ்2000 காரையோ, நான் கொடுத்த விலைக்கு இன்று அதே நிலையில் வாங்க முடியாது என்பதால், மழை நாளில் வெளியே எடுக்கவும் கடைவாசலில் நிறுத்தவும் தயங்குகிறேன்.

ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள நேர்ந்தால் ரோட்ஸ்டரையே வைத்துக்கொள்வேன். எஸ்2000 இப்போது பந்தயத்தளங்கள் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் நாட்களில் மட்டுமே வெளியே வருகிறது. அங்கேதான் அந்த 9,000 ஆர்பிஎம்மை மூன்றாம் கியரிலும் கேட்க முடிகிறது.