முன்னோட்டம் திக்கினால்: தெளிவைக் குறைப்பதா, பிராக்ஸி எடுப்பதா?

மடிக்கணினியில் வீடியோ எடிட் செய்யும்போது, 4கே காட்சியை டைம்லைனில் போட்டு ஓட்டினால் ஒலி சீராகப் போகிறது. படம் மட்டும் விட்டுவிட்டு நகர்கிறது. கைவசம் இரண்டு வழிகள் உண்டு: முன்னோட்டத் தெளிவைக் குறைப்பது, அல்லது பிராக்ஸி (எடிட் செய்வதற்கு மட்டும் மூலக் கோப்புக்குப் பதிலாகப் பயன்படும் இலகுவான பிரதி) எடுப்பது.

முன்னோட்டத் தெளிவைக் குறைப்பது நொடி வேலை. பிரீமியர் புரோவில் முன்னோட்டச் சாளரத்தின் அடியிலேயே அந்தத் தெரிவு இருக்கிறது. 3840×2160 காட்சி, கால் பங்கில் 960×540 ஆகிவிடும். வண்ணத் திருத்தம், எஃபெக்ட் போன்றவற்றின் சுமை இதில் நன்றாகவே இறங்கும்.

ஆனால் நோய் பெரும்பாலும் வேறிடத்தில். கைபேசிகள் பதிவு செய்யும் எச்.265 (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறை) கோப்பில் பெரும்பாலான பிரேம்கள் முழுப் படங்கள் அல்ல. பக்கத்துப் பிரேமிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டுமே. நடுவிலுள்ள ஒன்றைக் காட்ட, அது சார்ந்திருக்கும் மற்றவற்றையும் பிரித்தெடுக்க வேண்டும். தெளிவைக் குறைத்தாலும் இந்த உழைப்பு அவ்வளவாகக் குறையாது. டைம்லைனில் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள், திணறல் அப்பட்டமாகத் தெரியும்.

பிராக்ஸி கைகொடுப்பது அங்கேதான். புரோரெஸ் பிராக்ஸி, டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி போன்ற வடிவங்களில் ஒவ்வொரு பிரேமும் தனித்து நிற்கும். உருவாகும்வரை காத்திருக்க வேண்டும். வட்டில் இடமும் தின்னும் (சின்னப் பிரதிதானே என்று நம்பாதீர்கள், சில நேரம் மூலக் கோப்பையே மிஞ்சிவிடும்).

ஒரு நிமிடத் துணுக்குக்கு முதல் வழி போதும். பல மணி நேரப் பதிவை நாள்கணக்கில் வெட்டி ஒட்டுபவருக்கு பிராக்ஸியைத் தவிர வேறெதையும் பரிந்துரைக்க மாட்டேன். ஃபோகஸ் சரிபார்க்கும்போது மட்டும் அதை அணைத்துவிடுங்கள். இறுதி வெளியீடு மூலக் கோப்பிலிருந்துதான் எடுக்கப்படுகிறதா என்பதையும் அமைப்புகளில் பார்த்துக்கொள்ளுங்கள்.