சில்வண்டுக்கு மருந்தடிக்கிறேன் என்று வருபவனிடம் பணம் கொடுக்காதீர்கள்! 640 டாலர் போச்சு

அமெரிக்காவில் சின்சினாட்டி பக்கம் வீடு வாங்கியிருக்கும் நம்மவர்கள் தயவுசெய்து படியுங்கள். 640 டாலர்! வீட்டு வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு ஆப் வழியாக வந்தவன், மொத்தப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டு போனான். சில்வண்டிடமிருந்து பழமரக் கன்றுகளை எப்படிக் காப்பாற்றுவது என்று கடைசியில் எழுதுகிறேன்.

17 வருடத்துக்கு ஒருமுறை வரும் சில்வண்டுக் கூட்டம், 2008-க்குப் பிறகு 2025-இல்தான் இங்கே மண்ணுக்குள்ளிருந்து கிளம்பியது. எங்கள் தோட்டத்தில் அதற்கு முந்தின வருடம் வைத்த கன்றுகள் இரண்டு ஆப்பிள், ஒரு பீச், ஒரு செர்ரி. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா தன் கையால் நட்டவை.

அந்த ஆள் மே தொடக்கத்தில் வந்தான். மண்டி போட்டு உட்கார்ந்து, ஓக் மரத்தடியில் விரல் நுழையும் துளைகளைக் காட்டினான். எட்டு அங்குல ஆழத்தில் மண்ணின் சூடு 64 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டதும் வெளியே வரும், இலையைத் தின்னாது, பென்சில் பருமன் குச்சியாகப் பார்த்துப் பெண் வண்டு கீறி முட்டை வைக்கும், கன்று தாங்காது என்று பொறுமையாகச் சொன்னான். அத்தனையும் உண்மை. அதற்கு நடுவில்தான் பொய்யைச் செருகினான்: ஒரு தடவை அடித்தால் சீசன் முழுக்க ஒரு வண்டும் உட்காராதாம், கியாரண்டியாம்.

அந்தப் பெரிய ஓக் மரத்துக்கும் சேர்த்துத்தான் 640 டாலர். வளர்ந்த மரத்துக்கு நுனிக் கிளை கொஞ்சம் காயும், அவ்வளவுதான். அதற்கு மருந்தே தேவையில்லை என்று அவனுக்குத் தெரியாதா?

ஜூன் கடைசியில் கன்றுகளின் நுனியெல்லாம் பழுப்பாகித் தொங்கிவிட்டது. பீச் கன்றில் முறியாத கிளையே இல்லை. போன் செய்தால், "உங்கள் மண்ணிலிருந்து வந்ததற்குத்தான் கியாரண்டி, இவை பக்கத்து வீட்டு வண்டு" என்கிறான். பறக்கிற பூச்சிக்கு வேலி உண்டா? வாரக்கணக்கில் புதிது புதிதாக வந்து உட்காரும் என்பதால்தான் மருந்து பலிப்பதில்லை. அடுத்த போனுக்கு, "இது இயற்கை." பிறகு எடுக்கவே இல்லை.

ஆப்பில் புகார் செய்தேன். அது உங்களுக்கும் அவருக்கும் இடையில் உள்ள விஷயம் என்றார்கள். மறுபடி எழுதியதற்கு, புகார் தரும் கெடு முடிந்துவிட்டதாம், அடுத்த வேலைக்கு 25 டாலர் கூப்பன் தருகிறார்களாம். 640 டாலருக்கு 25 டாலர் கூப்பன்!

அடித்தது என்ன மருந்து என்று பில்லில்கூட இல்லை. வழக்கமாக அடிக்கும் கார்பரில் என்ற பூச்சிமருந்து தேனீயைக் கொல்லும், ஆப்பிள் பிஞ்சையும் உதிர்க்கும். கீழே க்ளோவர் செடி பூத்துக் கிடந்தது, குழந்தைகள் விளையாடும் இடம். இதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

எதிர்வீட்டுக்காரர் கடையில் வலை வாங்கிப் போர்த்தியிருந்தார். அவர் கன்றில் ஒரு கீறல் இல்லை.

கன்றைக் காப்பாற்ற வழி இதுதான். கண் அளவு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான வலையாக வாங்கி, அடித்தண்டோடு சேர்த்துக் கட்டுங்கள், இடைவெளி விட்டால் உள்ளே ஏறிவிடும். முட்டை பொரிவதற்குள் காய்ந்த நுனிகளை வெட்டி அப்புறப்படுத்துங்கள். சில்வண்டு வருவதற்கு முந்தின வருடம் கன்று நடாதீர்கள். மருந்தின் பெயரை எழுத்தில் தராதவனுக்கு ஒரு டாலர்கூட முன்பணம் வேண்டாம்.

கார்டு கம்பெனியில் புகார் போட்டிருக்கிறேன். இதே மாதிரி கியாரண்டி பில் உங்களிடமும் இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள், சேர்த்துக் கொடுக்கலாம்.