சென்னை பெரியமேட்டில் தோல் வாங்குகிறவர்கள் ஓரத்தைச் சீவிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

போன மாதம் எனக்கு 1,710 ரூபாய் தண்டம். மூங்கில் வில்லும் மர அம்புகளும் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்குப் போகிறவன் நான். காலண்டர் ராமர் முதுகில் தொங்குமே, அந்த மாதிரி ஓர் அம்பறாத்தூணியை நானே தைக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

தூணிக்குத் தோல் விறைப்பாக நிற்க வேண்டும். ஆவாரம் பட்டை, கடுக்காய் மாதிரி தாவரச் சாற்றில் பதனிட்ட தோல்தான் அதற்குச் சரி, கடையில் வெஜ் டான் என்பார்கள். ஊறவைத்துக் குழாயில் சுற்றிக் கட்டினால், காய்ந்ததும் அந்த வடிவத்திலேயே நிற்கும். குரோம் உப்பில் பதனிட்டது துவளும், கைப்பைக்கும் ஜாக்கெட்டுக்கும்தான் ஆகும். இவ்வளவும் தெரிந்துதான் போனேன், அதுதான் வயிற்றெரிச்சல்.

கடைப் பெயர் போடப்போவதில்லை. "அண்ணே, வெஜ் டான் எருமைத் தோல், 3 எம்எம் வேணும்" என்றேன். அவர் காட்டிய துண்டு அருமை, கையில் அட்டை போல நின்றது, ஓரம் முழுக்க ஒரே பழுப்பு. "முழுத் தோல் குடோன்ல இருக்கு தம்பி, எடுத்துட்டு வரச் சொல்றேன்." பையன் அதைச் சுருட்டி, கட்டி, செய்தித்தாள் சுற்றியே கொண்டுவந்தான். 9 சதுர அடி, அடி 190. மழை தூறிக்கொண்டிருந்த அவசரத்தில் நான் பிரிக்கவே இல்லை. பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் 'லெதர் 9' என்று கிறுக்கிக் கொடுத்தார்.

வீட்டில் பிரித்தபோதே கொஞ்சம் மெத்தென்றுதான் இருந்தது, சுருட்டி வைத்ததால் இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ராத்திரி பல்பு வெளிச்சத்தில் 24 அங்குலத்துக்கு 15 வெட்டி, ஊறவைத்து, 4 அங்குல பிவிசி குழாயில் சுற்றிக் கட்டி இரண்டு நாள் நிழலில் விட்டேன். கயிற்றை அவிழ்த்ததும் ஈர வேட்டி மாதிரி சரிந்தது. அப்புறம்தான் பகல் வெளிச்சத்தில் ஓரத்தைப் பார்த்தேன். மேலும் கீழும் பழுப்புச் சாயம், நடுவில் நீலம் கலந்த சாம்பல். குரோமில் பதனிட்ட தோலின் நிறம்! நகத்தால் சுரண்டினால் மேல்பூச்சு பிளாஸ்டிக் தாள் போல உரிகிறது. தோலைப் பிளந்து நல்ல மேல்பக்கத்தை எடுத்துக்கொண்டு, மிஞ்சிய அடிப்படலத்துக்குப் பூச்சு அடித்த சரக்கு, தொழிலில் ஸ்ப்ளிட் என்பார்கள். குத்தூசியால் துளை போட்டு மெழுகு நூலை இழுத்தால் துளைக்குத் துளை கிழிந்தது. அந்தக் கடுப்பில் எல்லாத் துண்டையும் ஓர் அடி டைல்ஸ் மேல் பரப்பி எண்ணினேன், கோணல்மாணலை எல்லாம் சேர்த்தும் 7 அடி தேறவில்லை.

திரும்பப் போனேன். "வெட்டின தோலை யாரு தம்பி வாங்குவாங்க?" என்றார். சீட்டில் வெஜ் டான் என்று எங்கே எழுதியிருக்கிறது, என்னத்தைச் சண்டை போட?

போகிறவர்கள், உங்களுக்குத் தருகிற அதே தோலின் ஓரத்தைச் சீவச் சொல்லுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள், பூச்சில்லாத தாவரத் தோல் உறிஞ்சிக் கருக்கும். வகை, தடிமன், சதுர அடி மூன்றும் பில்லில் வரட்டும்.

எனக்கு இன்னும் தூணி ஆகவில்லை. நல்ல வெஜ் டான் தோலை நான்கு அடி மட்டும் சில்லறையாக வெட்டித் தருகிற கடை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.