எஸ்எஸ்எல் சான்றிதழ் யாரிடம் வாங்கலாம்?

உங்கள் தளத்துக்கும் பார்ப்பவரின் பிரௌசருக்கும் நடுவே போகும் தகவலைக் குறியாக்கம் செய்து காக்க எஸ்எஸ்எல் சான்றிதழ் வேண்டும். அதை இலவசமாகக் கொடுக்கும் அமைப்பு லெட்ஸ் என்கிரிப்ட், இலவசம் என்பதாலேயே அதைச் சந்தேகமாகப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய சான்றிதழ்களையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், பெரும்பாலான தளங்களுக்கு இதுவே தாராளமாகப் போதும். "256 பிட் பாதுகாப்பு" என்று பெரிதாகப் போட்டு விற்கிறார்களே, அந்தக் குறியாக்க பலத்துக்கும் சான்றிதழின் விலைக்கும் சம்பந்தமே கிடையாது, அதை முடிவு செய்வது உங்கள் சர்வரும் பார்ப்பவரின் பிரௌசரும்தான்.

நிறுவனத்தை விரிவாகச் சரிபார்த்துக் கொடுக்கும் ஈவி சான்றிதழை இன்றும் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். முகவரிப் பட்டையில் நிறுவனத்தின் பெயர் தெரியும் என்பதுதான் அதன் கவர்ச்சியாக இருந்தது. குரோமும் ஃபயர்பாக்ஸும் 2019-லேயே அதை அங்கிருந்து எடுத்துவிட்டன. அப்புறம் எதற்கு அவ்வளவு பணம்?

நான் முதலில் பார்ப்பது புதுப்பித்தல் தானாக நடக்குமா என்பதை. சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச்சிலிருந்து 100 நாள், 2029 மார்ச்சிலிருந்து வெறும் 47 நாள் என்று பிரௌசர் நிறுவனங்களும் சான்றிதழ் நிறுவனங்களும் சேர்ந்து முடிவு செய்துவிட்டன. ஒவ்வொரு முறையும் ஜிப் ஃபைலை இறக்கி, சர்வரில் கையால் ஏற்றி, ரீஸ்டார்ட் செய்யும் வேலை இனிமேல் கட்டுப்படியாகாது. லெட்ஸ் என்கிரிப்ட் ஆரம்பத்திலிருந்தே, சான்றிதழைத் தானாக வாங்கிப் புதுப்பிக்க உதவும் ஆக்மி நெறிமுறையில் ஓடுவதால் அதற்கான சர்ட்பாட் மென்பொருளை ஒருமுறை ஒழுங்காக அமைத்தால் போதும், இந்த வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் கேடி வெப்சர்வர் என்றால் அதுகூட வேண்டாம். காசு வாங்கிக் கொடுக்கும் டிஜிசெர்ட், செக்டிகோ நிறுவனங்களிலும் ஆக்மி உண்டு. ஆக்மி இல்லாதவரிடம் "மூன்று வருட பிளான்" மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள், பணம்தான் மூன்று வருடத்துக்கு, சான்றிதழை நடுநடுவே மாற்றிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

அடுத்தது நிறுவனத்தின் பழைய வரலாறு. பெரிய பெயர் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2011-ல் ஹேக் செய்யப்பட்ட டிஜிநோட்டார் என்ற சான்றிதழ் நிறுவனம் அந்த வருடமே திவாலானது. சிமான்டெக்கின் பழைய சான்றிதழ்களை 2018-ல் குரோம் ஒதுக்கியது, என்ட்ரஸ்ட்டின் புதிய சான்றிதழ்களை இனி நம்பப்போவதில்லை என்று கூகுள் 2024 ஜூனில் அறிவித்தது. அப்படி நடந்தால் தவறு யாருடையதாக இருந்தாலும் எச்சரிக்கைப் பக்கம் வருவது உங்கள் தளத்தில்தான்.

லெட்ஸ் என்கிரிப்ட்டிலும் குறைகள் உண்டு. போன் போட்டுக் கேட்க ஆள் கிடையாது. காலாவதி எச்சரிக்கை மெயிலையும் 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள், அதனால் கண்காணிப்புக்கு நீங்களே ஏதாவது ஏற்பாடு செய்தாக வேண்டும், இதைத் தள்ளிப் போடாதீர்கள். எல்லா துணை டொமைன்களுக்கும் ஒரே சான்றிதழாக வரும் வைல்டுகார்டு வேண்டுமென்றால் டிஎன்எஸ் (டொமைன் பெயரின் பதிவேடு) வழியாகத்தான் சரிபார்ப்பார்கள், அதில் மென்பொருளே பதிவை மாற்ற வழிவிடும் ஏபிஐ உங்கள் டிஎன்எஸ் சேவையில் இல்லையென்றால் தலைவலிதான். நிறுவனத்தின் பெயர் உள்ள சான்றிதழே வேண்டும் என்று ஒப்பந்தம் கேட்டால் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும், அது நியாயமான செலவு.

யாரிடம் வாங்கினாலும் சரி, சான்றிதழுக்கு ஜோடியான ரகசியச் சாவியை, அதாவது பிரைவேட் கீயை, உங்கள் சர்வரிலேயே உருவாக்குங்கள். "நாங்களே உருவாக்கி மெயிலில் அனுப்புகிறோம்" என்று சொல்லும் விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேசவே வேண்டாம்.