புகார் எண் வரும், வழக்கு வருமா? காவல் துறையின் இணையச் சேவை: கூடலூர், பந்தலூர் தோட்டங்களிலிருந்து ஒரு மதிப்பீடு

தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்தில் புகார் பதிவு செய்யும் வசதி ஒன்று. 2022 ஏப்ரலில் வந்த 'காவல் உதவி' செயலி இன்னொன்று. இரண்டும் இலவசம். சென்னைவாசிக்கும் கோவைக்காரருக்கும் இவை எப்படி என்பது வேறு கதை. நீலகிரி மாவட்டத்தின் சேரம்பாடி, எருமாடு, அம்பலமூலா, தேவாலா பக்கத்துத் தோட்டங்களில் லைன் வீட்டில் (தொழிலாளர் குடியிருப்பில்) இருப்பவருக்கு, அதுவும் கந்துவட்டிக் கும்பலிடமோ லாட்டரி, கஞ்சா விற்கும் கோஷ்டியிடமோ மாட்டிக்கொண்டவருக்கு, எவ்வளவு தேறும் என்பதுதான் இங்கே கேள்வி.

ஐந்துக்கு இரண்டரை. அந்த இரண்டரையும் ஒரே காரணத்துக்காக: "எங்களுக்குத் தகவலே வரலையே" என்று யாரும் கையை விரிக்க முடியாதபடி தேதியோடு ஒரு எண் கிடைக்கிறது. அதற்கு மேல் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்காக 1968-ல் தொடங்கிய டேன்டீ (அரசுத் தேயிலைக் கழகம்) தோட்டங்களானாலும் சரி, தனியார் எஸ்டேட்டானாலும் சரி, அவசரத்துக்குக் கைமாற்று வாங்கப் போனால் கேட்பது ஏ.டி.எம். கார்டு, எழுதாத புரோநோட்டு, சில இடங்களில் ரேஷன் கார்டு. சம்பள நாளன்று கார்டை வைத்திருப்பவனே பணத்தை எடுத்துக்கொள்வான். தமிழ்நாட்டில் 2003-லேயே தடை செய்யப்பட்ட லாட்டரி, எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் சட்டப்படி விற்பனைக்கு இருக்கிறது. இந்தப் பக்கம் கள்ளத்தனமாக வருகிறது. இதற்கெல்லாம் பெரிய படை வேண்டியதில்லை. நாலு பையன்கள், ஒரு ஜீப், ஸ்டேஷனில் போனை எடுக்க ஒரு ஆள் இருந்தால் தொழில் நடக்கும்.

செயலியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் நீங்கள் இருக்கும் இடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். ஆனால் அந்தத் தகவலை அனுப்ப டேட்டா வேண்டும். ஒரு புள்ளி சிக்னலுக்காக மேட்டில் ஏறி நிற்க வேண்டிய லைன்களில் இதை நம்பி இருக்க முடியாது. டேட்டா இல்லாத இடத்தில் அவசர எண் 112 தான் கைகொடுக்கும். அதிலும் ஒரு சிக்கல்: எருமாடு, அம்பலமூலா போன்ற எல்லை ஊர்களில் போன் கேரள டவரைப் பிடித்திருந்தால் அழைப்பு அந்தப் பக்கமே போய்ச் சேர வாய்ப்புண்டு. அதனால் பேச்சை எடுத்ததுமே "நீலகிரி மாவட்டம், பந்தலூர் தாலுகா, இன்ன காவல் நிலையம்" என்று சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லுங்கள். "பத்தாம் நம்பர் லைன், பெரிய ஆலமரத்துக்குக் கீழே" என்பது தொலைவில் உட்கார்ந்து அழைப்பை எடுப்பவருக்கு ஒன்றும் புரியாது. தோட்டத்தின் பெயர், டிவிஷன் பெயர், ஜீப் எதுவரை வரும் என்ற மூன்றும் போதும்.

இனி இணையப் புகார். விஷயமெல்லாம் இங்கேதான் இருக்கிறது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) சட்டத்தின் 173-வது பிரிவு, மின்னணு வழியாகவும் புகார் தரலாம் என்கிறது. ஆனால் அப்படித் தந்தவர் 3 நாளுக்குள் கையெழுத்துப் போட்டால்தான் அது முதல் தகவல் அறிக்கையாக (எஃப்.ஐ.ஆர்.) பதிவாகும். பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். எண் வந்துவிட்டது, கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறார்கள். மூன்று நாள் ஓடிவிடுகிறது. புகார் அனுப்பிய மறுநாளே அதன் அச்சுப் பிரதியோடு நிலையத்துக்குப் போய், "இணையத்தில் தந்த இன்ன எண்ணுள்ள புகாரில் கையெழுத்திட வந்தேன்" என்று ஒரு வரி எழுதி, ஒரு நகலில் முத்திரை வாங்கிக்கொள்வது அவசியம். ஒருநாள் கூலி போகும், வேறு வழியில்லை.

உள்ளூர் நிலையத்தில் கும்பலுக்குச் செல்வாக்கு இருக்கிறது என்றால் அங்கேதான் போக வேண்டும் என்றில்லை. அதே 173-வது பிரிவின்படி சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகாரை எடுத்தாக வேண்டும். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது இதுதான். தேவாலாவில் அடிபட்டவர் ஊட்டியில் கொடுக்கலாம். திருப்பூரில் வேலை செய்யும் மகன் வீட்டுக்குப் போயிருந்தால் அங்கேயே கொடுக்கலாம்.

புகாரில் என்ன எழுதுவது என்பதுதான் வழக்கின் தலைவிதி. கந்துவட்டிப் புகார்கள் பெரும்பாலும் இப்படித் தொடங்கும்: "நான் இன்னாரிடம் ரூ.20,000 கடன் வாங்கினேன்..." முதல் வரியைப் பார்த்ததுமே ரைட்டர் (நிலைய எழுத்தர்), "இது கொடுக்கல் வாங்கல், சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்பார். வரிசையை மாற்ற வேண்டும். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார் யார் வந்தார்கள், என்ன சொல்லி மிரட்டினார்கள், எதைப் பறித்தார்கள் என்பது முதல் பத்தி. கடன் விவரம் இரண்டாவது பத்தி: கையில் வந்த தொகை, முன்கூட்டியே பிடித்த வட்டி, இதுவரை கட்டியது, ஈடாக வாங்கி வைத்திருப்பது. மூன்றாவதாக, 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் என்று பெயரைச் சொல்லியே நடவடிக்கை கேட்க வேண்டும். தினவட்டி, மணிநேர வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாமே அதில் வருகின்றன. தண்டனை 3 ஆண்டு வரை சிறை, ரூ.30,000 வரை அபராதம்.

அடிதடிப் புகாரில் ஒரே ஒரு சொல் விடுபட்டாலும் கணக்கு மாறிவிடும். "அடித்தார்" என்று மட்டும் எழுதினால் அது பி.என்.எஸ். (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 115(2): நீதிமன்ற அனுமதி இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத குற்றம். எஃப்.ஐ.ஆர். போடாததற்குச் சட்டமே சாக்கு தந்துவிடுகிறது. அதே அடி கவாத்துக் கத்தியால் விழுந்திருந்தால் 118(1), நேரடியாக வழக்குப் போட வேண்டியது. வழிமறித்தார்களா? 126(2). மிரட்டி ஏ.டி.எம். கார்டைப் பிடுங்கினார்களா? 308, பணம் பறித்தல். பிரிவு எண்ணைப் புகாரில் எழுத வேண்டும் என்று அவசியமில்லை. நடந்தது என்ன ஆயுதம், எந்த இடம், எப்படி என்று முழுதாக இருந்தால் போதும். அதற்காக இல்லாத கத்தியைக் கொண்டுவந்து சேர்க்காதீர்கள். ஆஸ்பத்திரிப் பதிவோடு அது முட்டிக்கொள்ளும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை.

அந்த ஆஸ்பத்திரிப் பதிவைத்தான் இந்த இணையச் சேவை கண்டுகொள்வதே இல்லை. அடிபட்டவர் முதலில் போக வேண்டியது அரசு மருத்துவமனைக்கு. டாக்டர் "என்ன ஆச்சு?" என்று கேட்டு, சொன்ன பதிலை விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். ஏ.ஆர். காப்பி என்பது அதுதான். கூட வந்தவனுக்குப் பயந்து "கால் தவறி விழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டால் வழக்கு அங்கேயே பாதி செத்தது. "தெரிந்த நபர்கள் 4 பேர், இரவு 8 மணி வாக்கில், கட்டையால்" என்று சொல்ல வேண்டும். பெயர் தெரிந்தும் "தெரியாத நபர்கள்" என்று பதிவானால், பின்னால் புகாரில் வரும் பெயர்கள் எல்லாம் ஜோடிப்பு என்று வாதாடுவார்கள். ஆட்களின் எண்ணிக்கை, நேரம், ஆயுதம் மூன்றும் ஏ.ஆரிலும் புகாரிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புகாரை அனுப்புங்கள். மருத்துவமனையிலிருந்து போலீசுக்குத் தகவல் போகும். போன தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

புகார் போன பிறகு கைக்கு வருவது பெரும்பாலும் சி.எஸ்.ஆர்., அதாவது மனு ரசீது. இது எஃப்.ஐ.ஆர். அல்ல. "சி.எஸ்.ஆர். போட்டாச்சு, ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசிடலாம்" என்றால் கட்டப்பஞ்சாயத்துக்கு நாற்காலி போட்டாயிற்று என்று பொருள். நேரடியாக வழக்குப் போடத்தக்க குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. இப்போது 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும் 14 நாள் முதற்கட்ட விசாரணைக்கு இடம் உண்டு, அதற்கும் டி.எஸ்.பி.யின் அனுமதி வேண்டும். "விசாரிச்சுட்டுத்தான் போடுவோம்" என்று சொன்னால், அனுமதி வாங்கியாயிற்றா என்று மரியாதையாகக் கேளுங்கள். சமாதானப் பேச்சில் வெள்ளைத் தாளில் கையெழுத்து மட்டும் போடவே கூடாது.

இணையதளத்தின் உருப்படியான பகுதி, எஃப்.ஐ.ஆர். பார்க்கும் பக்கம். 2016-ல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுப்படி எஃப்.ஐ.ஆர். 24 மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். இணைப்புச் சிக்கல் உள்ள இடங்களுக்கு அதிகபட்சம் 72 மணி நேரம். பாலியல் குற்றம் போன்றவை ஏறாது. "போட்டாச்சு, போட்டாச்சு" என்று வாயால் சொல்வதைச் சரிபார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. பாதிக்கப்பட்டவருக்கு நகல் இலவசம். பேப்பர் செலவு, டீசல் செலவு என்று கேட்பதெல்லாம் மாமூல் கணக்கு.

வழக்குப் போடவில்லை என்றால் அடுத்த படி ஊட்டியில் உள்ள மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் (எஸ்.பி.). சட்டம் சொல்வது எழுத்துப்பூர்வமாக, தபாலில். பதிவுத் தபால் 2025-ல் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டதால், ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்பி அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். பந்தலூரிலிருந்து பஸ் ஏறிப் போய் நேரில் கொடுப்பதைவிட இந்த அட்டைக்குக் கோர்ட்டில் மதிப்பு அதிகம். அதற்கும் அசையவில்லை என்றால் பி.என்.எஸ்.எஸ். 175(3)-ன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் பிரமாணப் பத்திரத்தோடு மனு. எஸ்.பி.க்கு அனுப்பிய அத்தாட்சி இல்லாமல் அங்கே போனால் மனு நிற்காது. வக்கீலுக்கு வழியில்லாதவர்கள் சட்ட உதவி எண் 15100-ஐ அழைக்கலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. பணியர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடியினர் சாதியின் பெயரால் தாக்கப்பட்டால் வன்கொடுமைச் சட்டத்தின் 18ஏ பிரிவு முதற்கட்ட விசாரணையே தேவையில்லை என்கிறது, டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். முதல்வர் உதவி மையத்தின் 1100-க்கும் சொல்லலாம்தான். ஆனால் அந்த மனு சுற்றிச் சுற்றி அதே நிலையத்துக்கு வந்து நிற்கும்.

கஞ்சா, கள்ளச்சாராயம் பற்றித் துப்புக் கொடுக்க இணையப் புகாரைத் தொடவே தொடாதீர்கள். பெயரும் கைபேசி எண்ணும் அதில் போகிறது. உள்ளூரில் யாருக்கு யார் வேண்டியவர் என்று யார் கண்டார்? அதற்கென்று 10581 என்ற தொலைபேசி எண் இருக்கிறது.

போலீசே லஞ்சம் கேட்டால் இடம் வேறு: லஞ்ச ஒழிப்புத் துறை, 1064. கொடுப்பதற்கு முன்பே சொல்ல வேண்டும். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவரும் குற்றவாளிதான். கட்டாயத்தால் கொடுத்தவருக்கு, அதைப் புகாராகச் சொல்ல 7 நாள் அவகாசம். பொறி வைக்க, லஞ்ச ஒழிப்புத் துறையினர் நோட்டு எண்களைக் குறித்து, பினாப்தலீன் பொடி தடவித் தருவார்கள். வாங்கியவர் கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் கழுவினால் இளஞ்சிவப்பாக மாறும். ஆனால் வெறும் பணம் பிடிபட்டது போதாது. கேட்டதும் வாங்கியதும் நிரூபணமாக வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு மீண்டும் உறுதி செய்திருக்கிறது. பொறி வைக்கும்போது "சார், நீங்க கேட்ட பணம்" என்று சொல்லிக் கொடுப்பதும், அவர் என்ன சொன்னார் என்பது கூட இருக்கும் சாட்சி காதில் விழுவதும் முக்கியம். பேச்சைப் பதிவு செய்திருந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலத்தை அழிக்காதீர்கள். பதிவான போனே சான்று. அதை விற்கவோ ரீசெட் செய்யவோ கூடாது.

நிலையத்துக்குள்ளே அடித்தார்கள் என்றால் கேமராப் பதிவைக் கேட்க வேண்டும், அதுவும் உடனே. 2020-ல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்தபோது, நிலையக் கேமராப் பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததாக விசாரித்த மாஜிஸ்திரேட் அறிக்கை கொடுத்தார். அதே ஆண்டு டிசம்பரில், எல்லா நிலையங்களிலும் ஒலியோடு கூடிய கேமரா வேண்டும், பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தேதி, மணி, எந்த அறை என்று குறிப்பிட்டு, அழிக்காமல் பாதுகாக்கக் கோரி எஸ்.பி.க்கு ஒரு மனு, ரூ.10 கோர்ட் ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, இரண்டையும் ஒரே நாளில் அனுப்புங்கள். மனித உரிமை ஆணையத்துக்குப் போவதானால் ஓராண்டுக்குள்.

போலீஸ் மீதான புகார்களுக்கென்றே மாவட்ட அளவில் ஒரு ஆணையம், தமிழ்நாட்டின் 2013 காவல் சீர்திருத்தச் சட்டப்படி உண்டு. தலைவர் கலெக்டர், எஸ்.பி.யும் உறுப்பினர். ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் தனித்து இயங்கும் அமைப்பு வேண்டும் என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது ஒன்று, இங்கே வந்தது ஒன்று. மனுப் போடுவதால் நஷ்டமில்லை. ஆனால் தபால் செலவுக்கு மேல் அதில் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.